முதலில் பச்சைத் தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்னறையில் இருந்தவர்கள்:

அம்மா. வீட்டில் யாராவது தோற்றால்தான் அவளுக்குக் கை தாராளமாகும். அன்றைக்கு இரண்டு அடுப்பும் எரிந்தன.

அக்கா. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வாசலிலேயே ஆரம்பித்த ஒரு பெருமூச்சோடும் வந்திருந்தாள்.

அக்காவின் புருஷன். இருந்த ஒரே நல்ல நாற்காலியில், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பர். இருபது வருஷமாக அதே ஸ்டோர்.

சித்தப்பா. துக்கம் விசாரிக்கப் போகும்போது போடுகிற சட்டையில்.

கீழ் வீட்டுத் தையல்காரி. அவளை யாரும் கூப்பிடவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் அதிகமாகக் கேட்டது, ஏறி வந்துவிட்டாள்.

மூட்டை. லாண்டரியில் கூட வேலை செய்கிறவன். அழுக்குத் துணி மூட்டைகளை அவிழ்ப்பது அவன் வேலை, ஆளும் அதே வடிவம்.

சுவரில் சட்டத்துக்குள் அப்பா. அவர் வராமல் இருக்க வழியில்லை.

கடைசியாக முக்கால். கூட்டம் கூடியதே அவனுக்காகத்தான்.

முக்கால் என்பது சித்தப்பா வைத்த பேர். பையன் எதை எடுத்தாலும் முக்கால்வாசியில் விட்டுவிடுவான். பாலிடெக்னிக்கில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி இருக்கும்போது விட்டான். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, சோதனை ஓட்டத்தன்று தலைவலி என்று படுத்துக்கொண்டான். நீந்தப் போனவன் கரைக்கு நான்கு கை இருக்கும்போது நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டான். முதலில் திட்டத்தான் அந்தப் பேர். பிறகு செல்லமாகிவிட்டது. முப்பத்துநான்கு வயதில் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த முறை அவன் விட்டது ஆபரேட்டர் தேர்வு.

மூன்று பெரிய மருத்துவமனைகளின் துணி அந்த லாண்டரிக்குத்தான் வரும். கட்டடத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாக வெட்டுகிறது. சுவருக்குள்ளேயே பதித்த ஐந்து சலவை மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்: இந்தப் பக்கம் அழுக்கைத் திணிக்க ஒன்று, அந்தப் பக்கம் வெளுத்ததை எடுக்க ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் திறக்காது. துணி சுவரைத் தாண்டும், ஆள் தாண்டக் கூடாது. ஆள் போக வேண்டுமென்றால் கோடியில் ஒரு குளியலறை இருக்கிறது. அதற்குள் நுழைந்து, உடுத்தியதையெல்லாம் கூடையில் போட்டு, தலையோடு குளித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மறுபக்கக் கதவால் வெளியேற வேண்டும். அந்தக் கதவு பின்னால் தானே பூட்டிக்கொள்ளும். அன்றைய ஷிப்ட் முடியும்வரை அந்த வழியாகத் திரும்ப முடியாது.

முக்கால் பதினோரு வருஷமாக அழுக்குப் பக்கத்தில் இருந்தான். துணி மூட்டையை அவிழ்த்தால் எது விழும் என்று சொல்ல முடியாது. பல் செட்டு விழும். பாதி கடித்த ரொட்டி விழும். ஊசி விழும். யாரோ ஒருவரின் கட்டைவிரல் நகம் வேரோடு விழும். துணியில் இருப்பதை எழுதினால் படிக்கிறவர் சாப்பிட மாட்டார். மற்றவர்களுக்கு அங்கே ஒரு மாதத்தில் மூக்கு செத்துவிடும். முக்காலுக்குக் கூர்மையானது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு விரிப்பை நீட்டினால் எந்த வார்டு என்று சொல்வான். பிரசவ வார்டு, எலும்பு வார்டு, தீக்காய வார்டு. மூட்டை இதை வைத்துப் புது ஆட்களிடம் பந்தயம் கட்டுவான்.

சுத்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. யாரும் அவன் தலையில் கட்டியதில்லை. எந்தக் கறைக்கு எந்த மருந்து, எத்தனை நிமிஷம், எவ்வளவு சூடு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். வீட்டு பக்கெட்டில் கைக்குட்டைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தான். அயோடின் கறைக்கு அவன் சொன்ன ஊறல் நேரத்தைத்தான் இன்றைக்கும் சுத்தப் பக்கத்தில் பின்பற்றுகிறார்கள், சொன்னது யார் என்று அங்கே தெரியாது. வேலை தெரியாமல் அவன் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தேர்வு என்பது ஒரு லோடு. ஐந்தாம் மெஷின் பழையது, அதில் எல்லாவற்றையும் கையால் திருக வேண்டும். அழுக்குப் பக்கம் நின்று துணி போட்டு, தண்ணீர், சோப்பு, நேரம் எல்லாம் தானே வைத்து, பிறகு குளித்து, கதவைத் தாண்டி, மறுபக்கம் தன் கையாலேயே துணியை எடுத்து விளக்கு மேஜையில் விரிக்க வேண்டும். விரித்தவன் அன்றைக்கே ஆபரேட்டர்.

முதல் தடவை முக்காலுக்கு வயிற்று வலி. இரண்டாம் தடவை தேதியை மாற்றிப் படித்துவிட்டான். தேதி அவன் லாக்கர் கதவிலேயே ஒட்டியிருந்தது. மூன்றாம் தடவை, அதாவது அந்த வெள்ளிக்கிழமை, வந்தான். குளித்துச் சவரம் செய்துகொண்டு வந்தான். ஆபரேஷன் தியேட்டர் விரிப்பு நாற்பது, எல்லாம் ரத்தம்.

ரத்தத் துணிக்கு முதலில் நீலக் கைப்பிடி, பச்சைத் தண்ணீர். அது ஓடி, நிறம் வெளிறிய பிறகுதான் சிவப்புக் கைப்பிடி, வெந்நீர். முதலிலேயே வெந்நீர் பட்டால் ரத்தம் முட்டை மாதிரி வெந்து நூலைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. கூட்டுகிறவருக்குத் தெரியும். வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

முக்கால் சிவப்புக் கைப்பிடியைத் திறந்தான்.

கை தவறவில்லை. கை நீலத்தைத் தாண்டிச் சிவப்புக்குப் போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான், பஸ் போவதைப் பார்க்கிற மாதிரி. பிறகு குளியலறைப் பக்கமே போகாமல் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து, சுவரில் இருந்த கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் புறம் பன்னீர் வந்து நின்று ஒரு விரிப்பை விரித்துப் பிடித்தாள். பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். அவள் தலை விரிப்புக்கு மேலே எட்டிப் பார்த்தது.

பன்னீர் சுத்தப் பக்கத்தின் இன்சார்ஜ். அவனுக்கு நான்கு வருஷம் பிந்தி வேலைக்கு வந்தவள். துணி பிரிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். மூன்றாம் வருஷம் தேர்வு கொடுத்தாள், ஒரே தடவையில் கதவைத் தாண்டினாள். தாண்டிய மறுநாள் அழுக்குப் பக்கத்தில் அவளுக்கு அந்தப் பேர் விழுந்தது. 'கோட்டு மாட்டினதும் அவளுக்கு வேர்வையே பன்னீராத்தான் வருதாம்' என்று சொன்னது முக்கால். இருபது பேர் சிரித்தார்கள். அன்று முதல் அவள் கேண்டீனுக்கு வந்தால் மேஜை மேஜையாக மூக்கை உறிஞ்சி, "ஆகா, என்ன வாசனை" என்பார்கள். நான்கு வருஷமாக அவள் ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தாண்டினவளுக்கு என்ன நடக்கும் என்று முக்காலுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். நடத்தியதே அவன்தானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டில் அவள் அவனை மறித்தாள்.

"அண்ணா, இது தெரியாதவன் பண்ற தப்பு இல்ல."

"கை தவறிடுச்சும்மா."

"தெரியாதவன் சோப்புல தப்பு பண்ணுவான், நேரத்துல தப்பு பண்ணுவான். ரத்தத்துக்கு மொதல்ல வெந்நீர் திறக்கணும்னா வேலை நல்லாத் தெரிஞ்சிருக்கணும். நாப்பது விரிப்பு. தரை துடைக்கத்தான் ஆகும்."

அவன் செருப்பைப் பார்த்தான்.

"ரிப்போர்ட் இன்னும் எழுதல. திங்கக்கிழமை காலையில ஏழு மணி, அதே மெஷின். உங்க மேல பாசம்னு நெனச்சிக்காதீங்க. எனக்கு அங்க ஆள் பத்தல. ரெண்டு ஷிப்டு நானே நிக்கிறேன், கால் தூணாட்டம் வீங்கிக் கெடக்கு. வரலன்னா தோல்வின்னு எழுதிட்டு உங்க பேரைப் பட்டியல்லேர்ந்தே அடிச்சிடுவேன். நாலாவது தடவைன்னு ஒண்ணு கெடையாது."

போனவள் திரும்பி வந்தாள். "இன்னொண்ணு. அந்தப் பேரை வெச்சது நீங்கதான்னு எனக்கு மொத நாளே தெரியும்."

முக்கால் வீட்டுக்கு வந்து "போச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னான். திங்கட்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மா அக்காவுக்குச் சொன்னாள். அக்கா ஊருக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"விடுடா," என்றார் சித்தப்பா, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "நம்ம குடும்பத்துக்கு மேல போற ராசி கெடையாது. உங்கப்பனும் இப்படித்தான். ஏணியைப் புடிக்கச் சொன்னாப் புடிப்பான், ஏறச் சொன்னா எறங்கிடுவான்."

"மச்சான், நான் ஒண்ணு சொல்றேன் கேளு," என்றார் அக்காவின் புருஷன். "பொறுப்புன்னு வந்துட்டா தூக்கம் போயிடும். இப்ப நீ ராஜா. மணி அடிச்சா எழுந்து வந்துடறே. அங்க போனா பத்துப் பேர் பண்ற தப்புக்கு நீ பதில் சொல்லணும். என்னை எத்தனை தடவை மேனேஜராக் கூப்பிட்டாங்க, போனேனா?"

அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அக்காவுக்கே தெரியும். அவள் வாழைப்பழத்தை உரித்தாள்.

"எங்க அண்ணன் மவன் மேனேஜர் ஆனான்," என்றாள் தையல்காரி. "ஆறே மாசம். தலையில ஒத்த முடி இல்ல."

"முடி போனாப் போவுது," என்றாள் அம்மா. "வயிறு சரியில்லாம போயிடும். இந்தா, இன்னும் கொஞ்சம் போட்டுக்க. நேத்தெல்லாம் ஒழுங்காவே சாப்பிடல இவன்."

"நீ பாட்டுக்கு அங்க போயி, ஷிப்டு மாறி ஷிப்டுன்னு ஓடினா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?" என்றாள் அக்கா. "எது நடந்தாலும் நல்லதுக்குத்தான்."

மூட்டை வாய் நிறையச் சோற்றோடு சொன்னான்: "உன் லாக்கர்ல பூட்டு மாட்ட ஒருத்தன் வந்தான்டா. 'எடுறா கைய, அவன் எங்க போயிடப் போறான்'னு வெரட்டி உட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். முக்காலும் சிரித்தான்.

பிறகு யாரோ கேட்டார்கள், நடந்ததைச் சொல்லு என்று. அவன் எழுந்து நின்று நடித்தே காட்டினான். சொம்பை மெஷினாக்கினான். கரண்டி கைப்பிடியானது. நீலத்தைத் தேடுகிற கை குருட்டுக் கோழி மாதிரி தடவித் தடவிச் சிவப்பில் போய் விழுந்தது. சித்தப்பாவுக்குப் புரையேறியது. அக்காவின் புருஷன் தொடையில் அடித்துக்கொண்டார். அடுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே கண்ணை மட்டும் காட்டிப் பன்னீர் மாதிரி விழித்தான். "வாசனை, வாசனை" என்று மூட்டை மூக்கை உறிஞ்சினான். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு சிரிப்பு.

துண்டுக்கு மேலே இருந்து அவன் அவர்களைப் பார்த்தான். அக்காவின் புருஷனின் பல் இடுக்கில் கீரை. சித்தப்பாவின் தாடையில் எண்ணெய். அம்மாவின் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து எத்தனையோ மாதம் ஆகிறது. பிள்ளை எங்கும் போகப் போவதில்லை. அக்காவின் தோள்கள்கூட இறங்கியிருந்தன. அறை முழுக்க ஒரு நிம்மதி, வயிறு முட்டத் தின்ற நாய் வெயிலில் படுத்திருக்கிற மாதிரி.

அப்போதுதான் அவனுக்கு அந்த நாற்றம் வந்தது.

முதலில் சோறு என்று நினைத்தான். பிறகு வடிகால் என்று நினைத்தான். மூக்கு தன் வேலையைத் தானே செய்தது. சோறும், பூசிய மருந்தும், வியர்வையும், திருப்பிப் போடாத முதுகும். நாள்பட்ட நோயாளிகளின் வார்டு. அந்த வார்டிலிருந்து வருகிற விரிப்பில் ரத்தம் இருக்காது, மலமும் அதிகம் இருக்காது. ஆனாலும் இருக்கிற மூட்டைகளிலேயே அதைத்தான் யாரும் தொட மாட்டார்கள். ஊட்டி, துடைத்து, தட்டிக்கொடுத்து, அப்படியே கிடக்கவிட்ட உடம்பின் ஒருவித இனிப்பான வாடை. அந்த வாடை இந்த வீட்டுத் துண்டில் எப்படி வரும்? அது துண்டில் இல்லை. தன் மீதிருந்து வந்தது என்று அவனுக்குத் தோன்றியது.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை சிவப்புக் கைப்பிடியைத் திறந்தபோதே இந்த மதியம் அவன் நாக்கில் இனித்தது. அம்மாவின் இரண்டு அடுப்பு, மூட்டையின் கை தோளில், 'விடுடா' என்கிற அந்தக் குரல். நாற்பது விரிப்பைக் கொடுத்து அவன் வாங்கிக்கொண்டது இதைத்தான்.

துண்டை மடித்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாய்க்குள் விரலைவிட்டு, தின்றதையெல்லாம் எடுத்தான். வெளியே வந்தபோது அம்மா, "பாத்தியா, நான்தான் சொன்னேனே, வயிறு சரியில்லன்னு," என்றாள்.

மற்றவர்கள் போன பிறகு மூட்டை மாடிப்படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். முக்கால் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு மறுபடியும் வெச்சிருக்கா."

மூட்டையின் பல்குச்சி நின்றது. "யாரு? பன்னீரா? உன்கிட்ட என்ன அவளுக்கு அவ்ளோ அக்கறை?"

"ஆள் பத்தலயாம்."

"போறியா?"

"தெரியல."

"இங்க பாரு. எனக்குத் தெரியும்டா. வெள்ளிக்கிழமை நீ கை தவறித் தொறக்கல. ரத்தத்துக்கு வெந்நீரு. கேனயன்கூடப் பண்ண மாட்டான். உனக்குப் போகப் புடிக்கல. அதுல என்ன தப்பு? அங்க என்ன கெடைக்கும்? ஒரு கோட்டு. இங்க நாங்க இருக்கோம்." மூட்டை அவன் முதுகில் தட்டினான். அன்பாகத்தான் தட்டினான். "போகாம இருந்தா பயந்துட்டான்னுவா. அதனால நீ வா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மற்றது என்ன என்று முக்கால் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதையும் அவன் கவனித்தான்.

காலையில் ஆறு மணிக்குச் சட்டை மாட்டியபோது அம்மா எழுந்து வந்தாள்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"மறுபடி தேர்வு வெச்சிருக்காங்கம்மா."

அம்மாவின் முகம் வாடியது. "மறுபடியுமா? நேத்துதானேடா எல்லாரும் வந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க? அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவன் வாசல்படியில் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு ஐந்தாம் மெஷின் முன்னால் நாற்பது விரிப்பு தயாராக இருந்தது. மறுபடியும் தியேட்டர் துணி. மூட்டை தன் இடத்தை விட்டுவிட்டு வந்து, உதவிக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான். அழுக்குப் பக்கத்து ஆட்கள் ஒன்றிரண்டு பேர் கையை மட்டும் வேலையில் விட்டுவிட்டுக் கண்ணை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். கண்ணாடிக்கு அந்தப் புறம் பன்னீர் ஒரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

முக்கால் ஒவ்வொரு விரிப்பையும் உதறினான். ஒன்றிலிருந்து ஒரு கத்திரி விழுந்தது, எடுத்துத் தட்டில் போட்டான். துணியை மெஷினில் பரப்பினான், ஒரே பக்கம் குவியாமல். மெஷின் வாயை மூடினான். நீலக் கைப்பிடியைத் திறந்தான். குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. உள்ளே வட்டக் கண்ணாடியில் நுரை இல்லாத இளஞ்சிவப்பு சுழன்றது. அது வெளிறும்வரை பத்து நிமிஷம். சோப்பை அளக்கக் குனிந்தான்.

குனிந்த இடத்திலிருந்து பார்த்தால் கைப்பிடிகள் தலைக்கு மேலே இருக்கும். பழக்கப்பட்ட ஒரு கை, குட்டையான விரல்கள், மோதிர விரலில் பழைய ஊசிக் குத்தின் தழும்பு. அவசரமே இல்லாமல் வந்து சிவப்புக் கைப்பிடிமேல் உட்கார்ந்தது.

முக்கால் அந்தக் கையைப் பார்த்தான். மூட்டையின் கை. ஆனால் வெள்ளிக்கிழமை தன்னுடையதாகப் பார்த்த அதே கை. அதே நிதானம், அதே அன்பு. நோயாளியை நகராமல் படுக்க வைக்கிற கை. நேற்றைய இனிப்பு வாடை மறுபடி மூக்கில் ஏறியது.

எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

"எடு."

"டேய், யாரும் பாக்கல," என்று மூட்டை உதடு அசையாமல் சொன்னான். "பாதி திருப்பினாப் போதும். உன் மேல பழியே வராது. மெஷின் பழசுன்னு சொல்லிடலாம்."

"எடுன்னு சொன்னேன்."

"உனக்காகத்தான்டா பண்றேன்."

"தெரியும். அதான் எடுங்கிறேன்."

மூட்டை கையை எடுத்தான். எடுத்தவன் அங்கேயே நின்றான். முக்கால் கைப்பிடிகளுக்கு முன்னால் நகர்ந்து, சிவப்பைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான். பத்து நிமிஷம் அப்படியே நின்றான். பதினோரு வருஷச் சிநேகிதனிடமிருந்து ஒரு குழாயைக் காவல் காத்தான். வெந்நீர்க் குழாய் முதுகைச் சுட்டது. உள்ளே சிவப்பு இளம் ரோஜாவாகி, தேநீர் கழுவிய தண்ணீராகி, கடைசியில் வெறும் தண்ணீரானது. அப்புறம் சோப்பு. அப்புறம்தான் தன் கையாலேயே சிவப்பைத் திறந்தான், அளவாக, நேரம் பார்த்து.

"அப்போ போறதுன்னு முடிவு பண்ணிட்டே," என்றான் மூட்டை.

"துணி எடுக்கணும்ல."

மூட்டை அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி மூக்கை ஒரு இழுப்பு இழுத்தான். "ஆகா. பாத்தீங்களாடா? இப்பவே வாசனை வந்துடுச்சி. ரெண்டாம் பன்னீரு."

துணி பிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. முக்காலுக்கு அந்தச் சிரிப்பின் ஒவ்வொரு குரலும் தெரியும். எந்தக் குரல் முதலில் எழும், எது கடைசியில் ஓயும் என்றுகூடத் தெரியும். அவன் பழக்கிய சிரிப்பு. அதை இந்தப் பக்கத்திலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. நான்கு வருஷம் ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாள். எப்படி விழுங்கினாளோ.

பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் பயத்தைவிட அருவருப்பு பெரிதாக வளர்ந்துவிட்டது. இரண்டும் நெருக்கித் தள்ளியதில் கால் முன்னால் போனது, அவ்வளவுதான்.

குளியலறைக்குள் நுழைந்து தாழிட்டான். சட்டை, பேன்ட், பனியன் எல்லாவற்றையும் கூடையில் போட்டான். கூடையைப் பார்க்கவில்லை, மூக்கு பார்த்தது. ஷவரைத் திறந்து தலையைக் கொடுத்தான். காதுக்குப் பின்னால், நகத்துக்குள், தொப்புளுக்குள் எல்லாம் தேய்த்தான். நுரை சாம்பல் நிறமாக ஓடியது. பதினோரு வருஷத்தையும் ஒரே சோப்பில் தேய்த்துவிட முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதற்கு ஊறவைக்க வேண்டும், நாள் பிடிக்கும். கறையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அழுக்குப் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். மூட்டைதான். குரல் இறங்கியிருந்தது.

"டேய் முக்கால். கோவிச்சுக்காத. சும்மா சொன்னேன். கேளு, இன்னும் நேரம் இருக்கு. வயித்து வலின்னு சொல்லிட்டு வந்துடு. நான் சாட்சி சொல்றேன். மத்தியானம் என் சோத்துல பாதி உனக்கு. என்ன?"

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"டேய். இருக்கியா?"

முக்கால் ஷவரை மூடினான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'வரேன்டா' என்றுதான் வரும் என்று அவனுக்கே தெரியும். அதனால் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டான். ஆணியில் தொங்கிய கோட்டு ஒரு சைஸ் சிறியது, மணிக்கட்டு வெளியே நீண்டது. பொத்தான் போடும்போது ஒரு துளை தவறியது. கழற்றி மறுபடி போட்டான்.

மெஷின் நிற்கிற மணி அடித்தது. துணி வெளுத்திருக்கும். திறந்து பார்க்காமலே அது அவனுக்குத் தெரியும். இத்தனை நாள் பயந்ததும் அதற்குத்தான்.

"முக்கால்," என்றது இந்தப் பக்கக் கதவு.

அவன் அந்தப் பக்கக் கதவைத் தள்ளினான். வெளிச்சத்தில் கண் கூசியது. எந்த வாசனையும் இல்லாத காற்று, மூக்குக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பன்னீர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. வீங்கிய காலைத் தடவிக்கொண்டே கடிகாரத்தைக் காட்டினாள்.

"ரெண்டு நிமிஷம் லேட்டு. மேஜையில வெளக்கைப் போடுங்க."

அவன் வாசல்படியைத் தாண்டினான். கனமான கதவு தன் பாரத்திலேயே மெதுவாக நகர்ந்து வந்து முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.